லைப்சிக் பாட்டிக்கு ஒரு கடிதம்

எங்கள் தோட்டத்தில் நன்றி சொல்லத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. சீனக் கடைக்காரத் தவுக்கே மீதிச் சில்லறையைக் கையில் வைத்தால் "காம்சியா தவுக்கே" என்போம். மழையில் நடந்து வரும்போது மலாய்க்காரர் ஒருவர் லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டால், இறங்கும் இடத்தில் "தெரிமா காசே பாங்" என்போம். தொரை பள்ளிக்கூடத்துக்குப் பந்து வாங்கிக் கொடுத்த அன்று, நாங்கள் வரிசையாக நின்று "தேங்க்யூ சார்" என்று கத்தியது தென்னைத் தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். தமிழில்தான் அது வராது. என் அம்மா 'நன்றி' என்ற சொல்லை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. பள்ளிக் கட்டுரையின் கடைசி வரியில் அந்தச் சொல் இருந்தது. கல்யாண மேடையில் யாரோ ஒருவர் தாளைப் பார்த்துப் படிக்கும் நன்றியுரையில் இருந்தது. கருமக்கிரியை முடிந்தபின் 'தமிழ் நேசன்' நாளிதழில் கறுப்புக் கட்டம் கட்டி வந்த 'நன்றி நவில'லில் இருந்தது. எதிரே உயிரோடு நிற்கிற ஒருவரிடம் சொல்வதற்கான சொல்லாக அதை யாரும் நினைக்கவில்லை.

வாலிப வயதில் எனக்கு இது பெரிய குறையாகத் தெரிந்தது. பயிற்சி முடித்து, பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கு வந்த புது வாத்தியார் நான். நாலு இங்கிலீஷ் புத்தகமும் படித்திருந்தேன். மாலையில் லயத்து வீடுகளுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்லப் பழக வேண்டும் என்று என் அப்பா வயதுக்காரர்களுக்கு வகுப்பெடுப்பேன். அவர்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுவிட்டு, "சாரு கோப்பி குடிங்க" என்பார்கள். நானும் கோப்பியைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவேன். அதிலிருந்த வேடிக்கை அன்று எனக்குப் புரியவில்லை. அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை மட்டும் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மழைக்கால இரவில் அவருடைய பையனுக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டது. தோட்டத்து டிரெஸ்ஸர் வந்து பார்த்தார். "இங்க வெச்சிருக்க முடியாது, கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் வண்டிக்கு எங்கே போவது? யாரோ ஓடிப்போய்த் தவுக்கேயை எழுப்பினார்கள். அவர் அரைக்கால் சிலுவாரோடு வெளியே வந்து, வேனிலிருந்த அரிசி மூட்டைகளை ஐந்தடிப் பாதையில் இறக்கிப் போட்டுவிட்டு, தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். புக்கிட் ரோத்தான், ஜெராம், காப்பார் வழியாகக் கிள்ளான். இன்றைக்கு அது காரில் சாதாரணத் தூரம். அன்றைய சாலையில், அன்றைய மழையில், அது வேறு தூரம். மறுநாள் காலை தவுக்கே திரும்பி வந்து, நனைந்த மூட்டைகளைப் பிரித்து வெயிலுக்குக் காத்திருந்ததைப் பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்தேன்.

பையன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மா கடைக்குப் போனார். நானும் அப்போது அங்கே இருந்தேன். என்ன சொல்லப் போகிறார் என்று பார்க்கவே நின்றேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவர் கொஞ்சம் நெத்திலியும் ஒரு கட்டு வெற்றிலையும் வாங்கினார். அட்டையில் '555' என்று போட்ட சின்னக் கடன் நோட்டில் தவுக்கே எழுதிக்கொண்டார். "பையன் சாப்பிடுதா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "சாப்பிடுறான் தவுக்கே." அவ்வளவுதான். வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு காம்சியா சொல்லியிருக்கலாமே" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சில்லறைக்குச் சொல்றதையே இதுக்கும் சொல்றதா சார்?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

அந்தத் தீபாவளிக்கு ஒரு ரொட்டி டின் நிறைய முறுக்கு கடை மேசைமேல் வந்து உட்கார்ந்தது. அடுத்த தீபாவளிக்கும் வந்தது. சீனப் பெருநாள் சமயத்தில், கழுவித் துடைத்த அதே டின்னில் ஆரஞ்சுப் பழங்களும் பையனுக்கு ஒரு அங்பாவும் திரும்பிப் போயின. தவுக்கேயின் மனைவிக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது கடை வாசலைக் கூட்டிப் பெருக்கியவர் இந்த அம்மாதான். மாதக் கடைசியில் 555 நோட்டில் அவர் பக்கம் நீண்டுகொண்டே போனாலும் தவுக்கே வாய் திறக்க மாட்டார். யாருக்கு யார் பாக்கி என்று அந்த இருவருக்குமே தெரிந்திருக்காது.

இந்த முறை நடந்ததற்குக் காரணம், எல்லோரும் ஒரே இடத்தில் இருந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது. நாளைக்கும் அதே கடை, அதே குழாயடி, அதே பெரட்டுக் களம். நன்றியை அவசரமாகச் சொல்லிவிட வேண்டிய தேவையே இல்லை. செய்வதற்கு ஆயுள் முழுக்க நேரம் இருந்தது.

பிறகு அந்த இடம் போய்விட்டது. எங்கள் வட்டாரத்துக்காரர்களுக்குத் தெரியும்: இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் செம்பனை நட்டதே இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசும் வாங்கினார். அன்று ஒரு மூலையில் தொடங்கிய செம்பனை, நான் வாத்தியாராக இருந்த காலத்தில் ரப்பரை வரிசை வரிசையாகத் தின்றுகொண்டு வந்தது. ரப்பரைப் போல விடிய விடிய ஒவ்வொரு மரமாய்த் தேடிப்போகும் ஆள் அதற்கு வேண்டாம். குலை வெட்டக் கொஞ்சம் பேர், உதிரிப் பழம் பொறுக்கக் கொஞ்சம் பேர் போதும். அப்புறம் வெளிநாட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள். சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. லயங்கள் காலியாகி, சனங்கள் காப்பாருக்கும் பூச்சோங்குக்கும் ஷா ஆலாமுக்கும் போனார்கள். பத்தாங் பெர்ஜுந்தையே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிக்கொண்டது. கடை மூடியபின் தவுக்கே எந்தப் பிள்ளையோடு எந்த ஊருக்குப் போனார் என்று கேட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மாவைப் பல வருடம் கழித்து ஓர் அடுக்குமாடி வீட்டில் பார்த்தேன். முறுக்கு இன்னும் பிழிகிறாராம். "டின்னுதான் சார் எங்க அனுப்புறதுன்னு தெரியல" என்றார்.

என் பேத்தி ஜெர்மனிக்குப் படிக்கப் போன கதைக்கு இனி வரலாம். பொறியியல் படிக்க லைப்சிக் நகரத்துக்குப் போனாள். அதற்கு முன் நான் பார்த்த ஜெர்மன்காரர்கள் என்றால், கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்க்க வந்த சுற்றுப்பயணிகள்தான். இருட்டில், மோட்டார் இல்லாத சம்பானில், பெரெம்பாங் மரங்களின் ஓரமாகத் துடுப்புப் போட்டுக் கூட்டிப் போவார்கள். கரைக்கு வந்ததும் ஒரு வயதான தம்பதி துடுப்புக்காரரின் கையைப் பிடித்து, முகத்தைப் பார்த்து, ஆளுக்கொரு முறை நன்றி சொன்னார்கள். டிக்கெட்டுக்குத்தான் பணம் கொடுத்தாயிற்றே, இது எதற்கு என்பது போல அந்த மலாய்க்காரர் தரையைப் பார்த்து "சாமா சாமா" என்றார். அவரும் நம்ம ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். 

லைப்சிக் என்றதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, இரண்டே வருடத்தில் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதி வெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்தவர். கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் கொண்டுவந்தது 1856இல், இதே லைப்சிக்கில். அவர் தலைமை தாங்கிய லைப்சிக் மிஷனின் வழி வந்த தமிழ் லுத்தரன்கள் கட்டியதுதான், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 1924லிருந்து நிற்கும் சீயோன் கோயில். ஆக, செய்ந்நன்றி அறிதல் அதிகாரம் அந்த ஊருக்குப் போய் நூற்றறுபது வருடத்துக்கு மேலாகிறது. என் பேத்தி புதிதாக ஒன்றும் கொண்டுபோகவில்லை.

முதல் குளிர்காலத்திலேயே அவள் படுத்துவிட்டாள். கீழ் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியம்மா, கதவு திறக்காததைக் கவனித்து, மேலே வந்து பார்த்து, மருந்து வாங்கிக் கொடுத்து, நாலைந்து நாள் சூப் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். எழுந்து நடமாட முடிந்ததும் என் பேத்தி என்ன செய்தாள்? பாட்டியம்மாவின் முறை வந்த நாளில் விடியற்காலையில் போய், வாசல் நடைபாதையில் விழுந்திருந்த பனியை அள்ளிக் கொட்டிவிட்டு, சத்தமில்லாமல் மேலே வந்துவிட்டாள். அங்கே வீட்டு வாசல் பாதையில் பனி அள்ளுவது அந்தக் கட்டடத்தாரின் பொறுப்பாம். யாராவது வழுக்கி விழுந்தால் வம்பு. சொல்லிக் கொடுக்காமலே இதைச் செய்திருக்கிறாள் என்று கேட்டபோது, ரொட்டி டின்னும் கூட்டிப் பெருக்கிய கடை வாசலும் என் கண்ணில் வந்து நின்றன.

மறுநாள் அவள் கதவிடுக்கில் ஓர் அட்டை இருந்தது. பனியை அள்ளியதற்கு நன்றி, என் முட்டி வலிக்கு அது பெரிய உதவி என்று கையால் எழுதிய அட்டை. அதற்குக் கீழே இன்னொரு வரி: சூப் உனக்குப் பிடிக்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

"அவங்க எனக்கு நன்றி சொல்றாங்க தாத்தா! நான்ல சொல்லணும்!" என்று வாட்ஸாப்பில் அழாத குறையாகப் பேசினாள். நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை, நீ செய்ததை அவர் படிக்கிற மொழியில் செய்யவில்லை, அவ்வளவுதான் என்றேன். அன்றைக்கே கீழே போய்ச் சூப்புக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள். நான் அதோடு விடவில்லை. பேத்தியைப் பார்த்துக்கொண்ட பெரியவருக்குக் குடும்பத்தின் சார்பில் நானே எழுத வேண்டும், அதுவும் ஜெர்மனிலேயே எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எண்பதை நெருங்குகிறவனின் பிடிவாதத்தை யார் தடுப்பது?

இப்படித்தான் என் ஜெர்மன் படிப்பு தொடங்கியது. 'டாங்கெ' என்றால் நன்றி என்பது எல்லாரும் அறிந்தது. கொஞ்சம் கூட்டிச் சொல்ல 'டாங்கெ ஷேன்', நிறையச் சொல்ல 'ஃபீலன் டாங்க்', நெஞ்சாரச் சொல்ல 'ஹெர்ட்ஸ்லிஷன் டாங்க்'. இவ்வளவும் ஒரு மாலையில் வந்துவிட்டது. எதை எப்போது சொல்லக்கூடாது என்பதுதான் கஷ்டம். யாராவது "தேநீர் வேண்டுமா?" என்று கேட்கும்போது வெறும் 'டாங்கெ' என்று சொன்னால், பெரும்பாலும் வேண்டாம் என்று அர்த்தமாம். வேண்டுமென்றால் 'யா, கெர்னெ' என்று சொல்ல வேண்டும். போன புதிதில் என் பேத்தி போன வீட்டிலெல்லாம் மரியாதையாக டாங்கெ சொல்லிவிட்டு, வராத தேநீருக்குக் காத்திருந்திருக்கிறாள். ஒரு காப்பிக் கடையில் ஐந்து யூரோ தாளை நீட்டி டாங்கெ என்றாளாம். மீதியை நீயே வைத்துக்கொள் என்று எடுத்துக்கொண்டு பணியாள் முகமலர்ச்சியோடு போய்விட்டான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்குக் கோபம்.

ஆனால் நமக்குச் சுலபமாக வருகிற இடமும் உண்டு. ஜெர்மனில் நெருக்கமானவரை 'டூ' என்பார்கள், மற்றவரை 'சீ' என்பார்கள். வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு நீ, நீங்கள் வித்தியாசத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம். இங்கிலீஷில் எல்லாரும் ஒரே 'யூ'வில் அடங்கிவிடுவது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். இன்னொன்று, 'இஷ் டாங்கெ ஈனென்' என்பதில் அந்த ஈனென், 'உங்களுக்கு' என்று நம் நான்காம் வேற்றுமையில் வருவது போலவே வருகிறது. எழுதும்போது மரியாதைக்காக அதன் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட வேண்டும். கடிதத்தில் விளித்துக் கமா போட்டபின் அடுத்த வரியைச் சின்ன எழுத்தில் தொடங்க வேண்டும். மாணவர்களின் நோட்டில் இதே மாதிரி எழுத்துகளுக்கு எவ்வளவு சிவப்பு மை செலவழித்தவன் நான்!

என் முதல் நகலைப் பேத்தி அடித்த அடியைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் காலத்தில் தோட்டத்தாருக்காகத் தொரைக்கும் நில அலுவலகத்துக்கும் மனு எழுதிப் பழகிய கை. 'பெருமதிப்பிற்கும் போற்றுதலுக்கும் உரிய' என்று தொடங்கினேன். கடவுளை மூன்று இடத்தில் கூப்பிட்டேன். கிரவுலையும் திருவள்ளுவரையும் ஒரு பத்தியில் உட்காரவைத்தேன். "தாத்தா, இத படிச்சா அவங்க பயந்துடுவாங்க" என்றாள். எதற்கு நன்றி என்று பெயர் சொல்லி எழுதினால் போதுமாம். சூப்புக்கு, மருந்துக்கு, கதவு திறக்கவில்லை என்று கவனித்ததற்கு. அந்த மூன்றாவதை எழுதும்போது எனக்குப் பேனா நின்றது. மனு எழுதிய இத்தனை காலத்தில் ஒரு தொரைக்கும் 'கவனித்ததற்கு நன்றி' என்று நான் எழுத நேர்ந்ததில்லை. அட்டையில் அந்தப் பாட்டியம்மா முட்டிவலியைக் குறிப்பிட்டிருந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன கிடைத்தது, அது தனக்கு எங்கே உதவியது என்று துல்லியமாகச் சொல்கிறார்கள். பொத்தாம் பொதுவாக மாலை போடுவதில்லை. இது நல்ல பழக்கம் என்றே எனக்குப் படுகிறது. மேடையில் 'அனைவருக்கும் நன்றி' என்று முடிக்கிற நம்மவர்கள் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

அங்கேயும் சாவுக்குப் பிறகு பத்திரிகையில் நன்றி அறிவிப்பு போடுகிறார்கள் என்று பேத்தி சொன்னாள். அக்டோபர் முதல் ஞாயிறு வாக்கில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஒரு திருநாளும் உண்டு. கோயிலில் பூசணிக்காயும் கோதுமைக் கதிரும் அடுக்கி வைப்பார்களாம். "அப்போ பொங்கல்தான்" என்றாள் என் மனைவி. பூ கொண்டுபோனால் ஒற்றைப்படையில் கொண்டுபோவது அங்கே வழக்கம் என்று கேட்டதும், "மொய் மாதிரி, ஐம்பத்தொண்ணு, நூத்தியொண்ணு" என்று அதையும் ஒரே மூச்சில் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டாள்.

ஒருவழியாகக் கடிதம் போயிற்று. பேத்தி எல்லாவற்றையும் வெட்டினாலும் ஒரு வரியை நான் விட்டுக்கொடுக்கவில்லை: 'இந்தக் கடனை நாங்கள் எப்படித் தீர்ப்போம் என்று தெரியவில்லை.' ஜெர்மனில் இது கனமாக இருக்கும் என்றாள். கனமாகத்தான் இருக்க வேண்டும் என்றேன்.

பதில் வந்தது, அதே கையெழுத்தில். 'கெர்ன் கெஷேஹன்', சந்தோஷமாகத்தான் செய்தேன் என்று தொடங்கி, உங்கள் ஜெர்மன் மிக நன்றாக இருக்கிறது என்று ஒரு பொய்யும் சொல்லி, கடைசியில் கண்டிப்பாக எழுதியிருந்தார்: இதில் கடன் எதுவும் இல்லை, நீங்கள் எனக்கு எதையும் தர வேண்டியதில்லை.

மரியாதையான பதில்தான். அன்பான பதில்தான். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. கடன் இல்லை என்றால் கணக்கு முடிந்தது. கணக்கு முடிந்தால் நோட்டை மூடிவிடலாம். தவுக்கேயும் அந்த அம்மாவும் என்றைக்காவது ஒருநாள் உட்கார்ந்து 555ஐ நேர் செய்திருந்தால், மறுவருடம் டின் எதற்காகப் போகும், ஆரஞ்சு எதற்காக வரும்? பாக்கி இருந்ததால்தான் போக்குவரத்து இருந்தது. வாயால் சொல்வது நல்லது, இனிமேல் சொல்லித்தான் ஆக வேண்டும், நாளைக்கு யார் எந்த ஊரில் இருப்போம் என்று யாருக்குத் தெரியும். அதற்காகக் கடனே இல்லை என்று ஒருவர் சொல்வதை நான் ஏற்க வேண்டியதில்லை.

இதை மரியாதை குறையாமல் ஜெர்மனில் எப்படி எழுதுவது என்று பேத்தியைக் கேட்டிருக்கிறேன். நன்றிக் கடிதத்துக்கு வந்த பதிலோடு யாரும் சண்டை போட மாட்டார்கள் தாத்தா என்கிறாள். பேச்சை மாற்ற, செமஸ்டர் விடுமுறைக்கு வரும்போது திரும்பிப் போகப் பெட்டியில் எவ்வளவு இடம் இருக்கும் என்றும் கேட்டேன். சூட்கேஸில் இருபத்து மூன்று கிலோதான், முறுக்கு நொறுங்கிவிடும் என்றாள். நொறுங்காத மாதிரி கட்டத் தெரிந்த ஒருவர் அடுக்குமாடியில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன்.